முதல் தடவை டுரியான்: எந்த ரகம், எந்தக் கடை, எவ்வளவு? (ஜூலை, மலேசியா – சிங்கப்பூர்)

#1 பனியன்_ஊர் (திருப்பூர்)

வணக்கமுங்க. ஜூலை ரெண்டாவது வாரம் கோயமுத்தூர்ல ஏறி சிங்கப்பூர், அங்கிருந்து கோலாலம்பூர், திரும்ப சிங்கப்பூர் வழியா ஊரு. அஞ்சு பேர் போறோம். கோலாலம்பூர்ல மூணு ராத்திரி, சிங்கப்பூர்ல ரெண்டு. டுரியான்ங்கற முள்ளுப் பழத்தை ஒருக்காத் தின்னு பாத்துப்போடோணும்னு எல்லாரும் ஒரே புடியா இருக்காங்க.

எந்த ரகம் கேக்கறது, அஞ்சு பேருக்கு எவ்வளவு வாங்கறது, கடைக்காரன் ஏமாத்தினா எப்படித் தெரியும், ரூமுக்கு எடுத்துட்டுப் போலாமா, ஊருக்கு ஒண்ணு கொண்டாரலாமா? அம்மாவுக்குச் சக்கரை. மாமாவுக்குக் கிட்னி கொஞ்சம் வீக்கு. ரெண்டு பேர் முட்டைகூடத் தொடாத சைவம்.

"நல்லாருக்கும், ஆனா நாறும்"னு பொதுவாச் சொல்றது வேண்டாமுங்க. அது யூடியூப்ல வேணுங்கற மட்டும் கெடக்குது. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 சிறுவாணித்_தண்ணி (கோவை)

முதலில் வாடையைப் பேசிவிடுவோம். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கேஸ் சிலிண்டர் கசிந்தால் ஒரு வாடை வருமே, அது எரிவாயுவின் சொந்த வாடை இல்லை. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்க்கிற எத்தில் மெர்காப்டன். எத்தேன்தயால் என்பதும் அதுதான். அதே பொருள் டுரியானிலும் இருக்கிறது. அதோடு அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்பைடு, வதங்கிய வெங்காய வாடை தரும் வேறு சில கந்தகச் சேர்மங்கள், இவற்றுக்கு நடுவே நல்ல பழ வாசனை தரும் எஸ்டர்கள். "நாத்தம்" என்று ஒருவரும் "வாசம்" என்று இன்னொருவரும் சொல்வது ஒரே பழத்தைத்தான். அவரவர் மூக்கு எதை முதலில் பிடிக்கிறது என்பதே வித்தியாசம்.

2019இல் ஜெர்மனியின் மியூனிக் பகுதி ஆய்வாளர்கள் இதில் எத்தியோனைன் என்கிற அரிதான அமினோ அமிலம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அது உடையும்போதுதான் எத்தேன்தயால் வெளியாகிறது. பழுக்கப் பழுக்க இரண்டுமே கூடுகின்றன. ஆக, வாடையின் வேகம் என்பது பழம் விழுந்தோ பறித்தோ எத்தனை மணி நேரம் ஆகிறது, பிளந்து எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு சூட்டில் கிடந்தது என்பதைப் பொறுத்தது. "வாயில் வைக்க முடியவில்லை" என்று திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலோர் தின்றது நாள் கடந்த பழம், இல்லையென்றால் சூப்பர் மார்க்கெட்டில் தெர்மோகோல் தட்டில் வெகு நேரம் கிடந்த சுளை. அதை வைத்து டுரியானை எடை போடுவது, மூன்றாம் நாள் தோசை மாவைக் குடித்துப் பார்த்து இட்லியைப் பற்றிப் பேசுவது மாதிரி.

#3 காங்கயம்_காளை

எதுக்குங்க இத்தனை ஆராய்ச்சி? நம்ம பலாப்பழத்துக்குப் பங்காளிதானே. பண்ருட்டிப் பழம் ஒண்ணு வாங்கி அறுத்தா ஆச்சு.

#4 சிறுவாணித்_தண்ணி (கோவை)

பங்காளியும் இல்லை, மாமன் மச்சானும் இல்லை. பலா அத்தி, ஆலமரக் குடும்பம். டுரியான் பருத்தி, இலவம், வெண்டைக்காய்க் குடும்பம். திருப்பூர்க்காரருக்கு அந்த வகையில் அது சொந்தம்தான்!

வேலையிலும் வித்தியாசம் உண்டு. பலாவில் பால் வரும், கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவ வேண்டும், நடுத்தண்டைச் சுற்றிச் சுளை இருக்கும். டுரியானில் பால் கிடையாது, எண்ணெய் தேவையில்லை. பெரும்பாலும் ஐந்து அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒன்று முதல் நான்கு சுளை, கோத்துவைத்த மாதிரி. சுளையும் பலாச்சுளை போல நறுக்கென்று இருக்காது. கெட்டித் தயிருக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் இருக்கும். பலாவை மனதில் வைத்துக்கொண்டு வாயில் போடுகிறவர்கள்தான் முதல் கடியில் முகம் சுளிக்கிறார்கள்.

#5 பொள்ளாச்சி_எளநி

நேரா கடைக்கு வாரனுங்க.

ஜூலைங்கறது நெம்ப நல்ல நேரம். மலேசியாவுல பெரிய சீசன் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும். அங்க பழத்தைப் பறிக்கறதில்லீங்க, தானா உழுவோணும். பெரும்பாலும் ராத்திரில உழும். மரத்துக்கடியில வலை கட்டி வெச்சிருப்பாங்க, விடியக்காலம் பொறுக்கி மத்தியானத்துக்குள்ள டவுனுக்கு வண்டி வந்துரும். அதனால சாயங்காலம் 5 மணிக்கு மேல கடைக்குப் போங்க. அன்னைக்கு உழுந்தது அன்னைக்கே கெடைக்கும். காலைல 10 மணிக்குப் போனா நேத்து மிச்சத்தைத் தலைல கட்டறதுக்கு வாய்ப்பு எச்சு.

ரகம். கடைல பேரோ நம்பரோ எழுதி வெச்சிருப்பாங்க. டி101: ஆரஞ்சு கலந்த மஞ்சள், இனிப்பு, வெலையும் கம்மி. ரெட் ப்ரான், மலாய்ல உடாங் மேரா: சுளை செவசெவன்னு எறா நெறத்துல இருக்கும், அதுக்குத்தான் அந்தப் பேரு. உள்ள எறாவெல்லாம் கெடையாது, சைவக்காரங்க பயப்பட வேண்டாம். பினாங்குப் பக்கம் பேர்போனது, கசப்பே இருக்காது. டி24: வெளுத்த மஞ்சள், இனிப்பும் லேசாக் கசப்பும். மூசாங் கிங், டி197: நல்ல மஞ்சள், கொழகொழன்னு, கடேசியா நாக்குல கசப்பு நிக்கும், கொட்டை ஒட்டிப்போய் சப்பையா இருக்கும். பிளாக் தார்ன், டி200: இதுக்கு மூசாங் கிங்கை விட வெலை எச்சாவே சொல்லுவாங்க. "கம்போங்"னு எழுதியிருந்தா அது நாட்டுப் பழம், ஒட்டுக்கட்டாத மரம். வெலை மலிவு, ருசி அதிர்ஷ்டம். ஒண்ணு அமுதமா இருக்கும், அடுத்தது சப்புனு இருக்கும்.

தின்னற வரிசை முக்கியமுங்க. இனிப்புலருந்து கசப்புக்குப் போகோணும். மூசாங் கிங்கை முதல்ல தின்னுபோட்டு டி101 தின்னா சக்கரைத் தண்ணி மாதிரித் தெரியும், காசு தெண்டம்.

அளவு: வெலை தோலோட கிலோவுக்கு. அதுல தின்னற சதை கால்பங்கு, நல்ல பழமா இருந்தா முப்பது சதம். 1.8 கிலோ பழத்துல அரைக்கிலோ சதைன்னு வெச்சுக்கங்க. ஆக, பலகையில எழுதியிருக்கற வெலையை மூணரை நாலால பெருக்குனாத்தான் சதையோட உண்மையான கிலோ வெலை. அஞ்சு பேருக்கு மொத நாள் ஒண்ணரைக் கிலோல டி101 இல்ல ரெட் ப்ரான் ஒண்ணு, அதே அளவுல மூசாங் கிங் ஒண்ணு. அதுக்கு மேல வேண்டாமுங்க. மூணாவது சொளைலயே வயிறு நெம்பிப்போகும்.

ஏமாத்து வேலை ரெண்டு மூணு வெதம். ஒண்ணு, சாதா ரகத்தை மூசாங் கிங்குனு சொல்றது. பழத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. மூசாங் கிங்குல முள்ளில்லாம பழுப்பா ஒரு நட்சத்திரம் தெரியும், அஞ்சு கோடும் அதுலருந்து பிரியும். காம்பைச் சுத்தியும் கொஞ்சம் முள் இல்லாத எடம் இருக்கும். ரெண்டு, எடை போட்ட பழம் ஒண்ணு, பொளக்கறது இன்னொண்ணு. தராசுல இருந்து கண்ணை எடுக்காதீங்க. மூணு, கிலோ வெலையை மட்டும் சொல்லிப் பொளந்துபோட்டு மொத்தத்தைக் கேட்டா தலை சுத்தறது. கத்தி வெக்கறதுக்கு முன்னாடியே "மொத்தம் எத்தனை ரிங்கிட்?"னு கேட்டுப்போடுங்க.

நல்ல கடைல பழத்துல முக்கோணமா ஒரு சில்லு வெட்டி உள்ள காட்டுவாங்க. வெரலால சதையை மெல்லத் தொட்டுப் பாக்கலாம். மேல்தோல் காஞ்ச மாதிரி, வெரல்ல ஒட்டாம, உள்ள மட்டும் மெத்துன்னு அமுங்கினாச் சரி. தண்ணி கட்டியிருந்தாலோ, காயா இருந்தாலோ, புழு இருந்தாலோ மாத்தித் தருவாங்க. பொளந்து நீங்க சம்மதிச்ச பொறவு "புடிக்கலை"ன்னா தர மாட்டாங்க. அது நாயந்தான்.

#6 ஈரோட்டு_மஞ்சள்

மூசாங் கிங்குக்கு மலாய்ல இன்னொரு பேரு இருக்குங்க: ராஜா குன்யிட். குன்யிட்னா மஞ்சள், நம்ம சந்தையில ஏலம் போற அதே மஞ்சள். மஞ்சள் ராஜா! "மூசாங்" புனுகுப்பூனை, மலேசியாவோட கிளந்தான் மாநிலத்துல குவா மூசாங்குனு ஊரே உண்டு. டுரியானோட அறிவியல் பேர்லயும் சிபெத்தினஸ்னு அந்தப் பூனைதான் உக்காந்திருக்குது.

சரி, அது கெடக்கட்டும். பொள்ளாச்சியார் சொன்னதுல ஒரு எடத்துல எனக்கு ஒப்புதல் இல்லை. மொத தடவைக்குத் தாய்லாந்து மொந்தோங் ரகந்தான் சரி. வாடை கம்மி, சதை கெட்டி, கொட்டை சின்னது, கசப்பே கெடையாது. அங்க மரத்துல இருந்தே வெட்டிப் பழுக்க வெக்கறாங்க, அதனால காய்ப்பதத்துலருந்து கூழ்ப்பதம் வரைக்கும் எந்தப் பதம் வேணும்னாலும் கேட்டு வாங்கலாம். பயந்தவங்களுக்குப் பாதி பழுத்ததா வாங்கிக் குடுத்தா முகம் சுளிக்காமத் தின்னுருவாங்க.

#7 பொள்ளாச்சி_எளநி

பாங்காக் போறவங்களுக்கு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு. ஆனா ஜூலைல மலேசியாவுக்குப் போய் மொந்தோங் தேடறது, பொள்ளாச்சிக்கு வந்து டப்பா எளநி குடிக்கற மாதிரிங்க. தாய்லாந்துல கிழக்குப் பக்கம் சந்தபுரி சீசன் ஏப்ரல்லருந்து ஜூன் வரைக்கும். அப்பப் போறவங்க மொந்தோங் வாங்கட்டும். காம்பு நீளமா இருக்கற கான் யாவ் ரகத்தையும் உடக்கூடாது.

வாடைக்குப் பயந்தவங்களுக்கு வேற வழி சொல்றேன். கடைல ஃப்ரீசர்ல வெச்ச சதை டப்பால இருக்கும். வெளிய எடுத்து 15 – 20 நிமிசம் கழிச்சு, பாதி இளகுனதும் ஸ்பூன்ல எடுத்தா குல்ஃபி மாதிரி. குளுர்ல கந்தக வாடை எந்திரிக்காது. மொத ரெண்டு வாய் இப்படித் தின்னுபோட்டு அப்பறம் ஃப்ரீசர்ல வெக்காத பழத்துக்கு வந்தா நாக்கு பழகியிருக்கும்.

#8 ஈரோட்டு_மஞ்சள்

குல்ஃபி வழி நல்ல வழி. ஒத்துக்கறேன். மொந்தோங்கை உட்டுக்குடுக்கலைங்க!

#9 ஊத்துக்குளி_வெண்ணெய்

சக்கரைக்கும் கிட்னிக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. பழத்தின் ருசியைவிட இது முக்கியம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

100 கிராம் சதையில் சுமார் 147 கலோரி, மாவுச்சத்தும் சர்க்கரையுமாக 27 கிராம், கொழுப்பு 5 கிராம். பழத்தில் கொழுப்பு இருப்பது அபூர்வம். இதில் இருக்கிறது, அதனால்தான் வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது. மாவுச்சத்துக் கணக்கில் 100 கிராம் என்பது கிட்டத்தட்ட இரண்டு இட்லி. பெரிய சுளை ஒன்றரை, நடுத்தரச் சுளை இரண்டு தின்றாலே 100 கிராம் வந்துவிடும். அம்மா தின்னக் கூடாது என்பதில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு இட்லியைக் குறைத்துவிட்டு ஒரு சுளை. சாப்பாடு முழுசாக முடித்து, "பழம்தானே" என்று மேலே நாலு சுளை ஏற்றுவதில்தான் கோளாறு. மாத்திரை, இன்சுலின் அளவைத் தாமாக மாற்ற வேண்டாம்.

மாமா விஷயம் வேறு. 100 கிராமில் பொட்டாசியம் சுமார் 436 மில்லிகிராம், வாழைப்பழத்தைவிட அதிகம். சிறுநீரகம் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்றாவிட்டால் அது ரத்தத்தில் கூடி இதயத் துடிப்பையே தாறுமாறாக்கும். அதனால் "ஒரு வாய் பரவாயில்லை" என்று இங்கே யாரும் சொல்லக் கூடாது. கிளம்பும் முன் அவருடைய டாக்டரிடம், கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு கேளுங்கள். கேட்காமல் வந்தால் தொடாமல் இருப்பதே சரி. இன்னொன்று: டுரியான் சூடு என்று அதற்கு மாற்றாக இளநீர் குடிப்பார்கள். அதிலும் பொட்டாசியம் நிறைய. மாமாவுக்கு இரண்டுமே வேண்டாம்.

"சூடு" பற்றி: தின்றதும் வேர்க்கும், உடம்பு கனக்கும். சர்க்கரையும் கொழுப்பும் ஒன்றாக இறங்குவதால் வருகிற கனம் அது. மலாய், சீனக் குடும்பங்களில் மங்குஸ்தானைக் குளிர்ச்சி என்று கூடவே தின்பார்கள். இரண்டுக்கும் ஒரே சீசன், பெரும்பாலும் ஒரே கடை. மருந்தோ இல்லையோ, வாயில் ஒட்டிய கொழுப்பை மங்குஸ்தான் புளிப்பு அறுத்துவிடும்.

சாராயம்: டுரியான் தின்ற அன்றைக்கு பீர், கட்டிங் எதுவும் வேண்டாம். 2009இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் சோதனைக்குழாயில் செய்து பார்த்தபோது, டுரியான் சாறு ஆல்டிஹைடு டீஹைட்ரஜனேஸ் என்கிற நொதியின் வேலையை 70 சதவீதம் வரை தடுத்தது. சாராயம் உடம்பில் உடையும்போது வருகிற நஞ்சை அழிப்பது அந்த நொதிதான். தடுத்தால் முகம் சிவப்பது, படபடப்பு, வாந்தி. "ரெண்டையும் சேத்தா செத்துப்போவாங்க" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு அந்தச் சோதனை ஆதாரம் இல்லை. விருந்தாளியாகப் போன இடத்தில் வாந்தி எடுக்காமல் இருக்க அது போதுமான ஆதாரம்.

கொட்டையைப் பச்சையாகக் கடிக்க வேண்டாம். அதிலுள்ள சில கொழுப்பு அமிலங்கள் நல்லதல்ல. பலாக்கொட்டை மாதிரி வேகவைத்தோ வறுத்தோ மட்டும்.

#10 பனியன்_ஊர் (திருப்பூர்)

நெம்ப நன்றிங்க. மாமாவுக்கு டாக்டரைக் கேட்டுப்போடறோம். கட்டிங் கேள்வி நான் கேக்கலை, ஆனா பதில் போய்ச் சேர வேண்டியவருக்குச் சேந்துருச்சு.

கடைல பொளக்காம முழுசா வாங்கி, தோட்டத்துல உக்காந்து நாங்களே பொளக்கற வாய்ப்பும் இருக்குது. அது எப்படிங்க?

#11 கல்லாத்துக்காரன் (மேட்டுப்பாளையம்)

பழம் பார்க்கறது மொதல்ல. காம்பை நகத்தால சுரண்டுங்க. உள்ள ஈரமா இருந்தாப் புதுசு. கருத்துச் சுருங்கிக் கட்டையா இருந்தா நாளாச்சு. காதுகிட்ட வெச்சு மெதுவா ஒரு குலுக்கு. உள்ள லேசாத் "தொப்"புனு அசைஞ்சாப் பழுத்திருக்கு. சத்தமே இல்லீன்னா காய். கடகடன்னோ சளசளன்னோ கேட்டா பதம் தாண்டிப்போச்சு. பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு முள்ளு நுனியைக் கிள்ளுற மாதிரிச் சேத்து அமுக்குங்க, கொஞ்சம் குடுத்தா நல்லது. அடிப்பக்கம் மோந்து பாருங்க. கள்ளு வாடை, புளிப்பு வாடை வந்தா வெச்சுட்டு வந்துருங்க. ஊசித்துளையும் அதைச் சுத்தி ஈரத்தூளும் இருந்தா உள்ள புழு. அடி வெடிச்சிருந்தா காத்துப் பூந்து புளிச்சிருக்கும், வெலை கம்மின்னு எடுத்துராதீங்க. ரெண்டு மூணு நாள் கனமழை பேஞ்ச பொறவு வர்ற பழம் தண்ணி கோத்து சப்புனு இருக்கும். அன்னைக்கு வாங்கறதை ஒரு நாள் தள்ளிப் போடலாம்.

பொளக்கறது: கனமான குட்டைக் கத்தி, அலகு ஒரு சாண் வேண்டாம், அதுல பாதி போதும். நாலா மடிச்ச கோணிச்சாக்கு. திருப்பூர்க்காரங்க பெட்டியில ரெண்டு பிடி பனியன் வேஸ்ட் துணி போட்டுக்கங்க, அதைவிட நல்ல கைப்பிடி கெடையாது. காம்பு கீழ, அடி மேல வர்ற மாதிரி சாக்கு மேல நிறுத்துங்க. முள்ளு ஒதுங்கி ஒதுங்கி கோடு மாதிரி வழி தெரியும், அதுதான் தையல். அஞ்சு தையலும் கூடற நட்சத்திரத்துல கத்தி நுனியை ரெண்டு செண்டிமீட்டருக்கு மேல எறக்காதீங்க. ஆழமாப் போனா சொளையும் கொட்டையும் அறுந்து கூழாயிரும். எறக்கி, பூட்டுல சாவி திருப்பற மாதிரி ஒரு திருகு. "டப்"னு உடும். பொறவு கத்தியைக் கீழ வெச்சுருங்க. ரெண்டு கையும் துணியோட அந்த வெடிப்புல குடுத்து, பொஸ்தகம் பிரிக்கற மாதிரிப் பிரிங்க. அடுத்த தையலும் அதே மாதிரி.

திருகுனா உடலையா? காய்னு அர்த்தம். அங்கதான் ஆளுக வீம்புக்கு நடுவுல வெட்டப் பாப்பாங்க. கத்தி முள்ளுல வழுக்கி நேரா உள்ளங்கைக்கு வரும். ஒரு ராத்திரி வெச்சுட்டு மறுநாள் பாருங்க.

உள்ள வெள்ளையா இருக்கற பஞ்சுப் பகுதி தின்னறதில்ல. சொளைல கண்ணாடி மாதிரி ஈரமா, பழுப்பா எடம் இருந்தா அந்த மட்டும் வெட்டி எறிங்க. நுனி நாக்குல வெச்சா சுருக்குனு புளிச்சா மொத்த அறையும் போச்சு, மத்த நாலு அறை நல்லாவே இருக்கலாம். ஒவ்வொண்ணாப் பாருங்க.

கை கழுவறதுக்கு அந்த ஊர்ப் பழக்கம், சொளை எடுத்த தோலுக்குள்ள தண்ணி ஊத்தி அந்தத் தண்ணிலயே கழுவறது. கைவாடை போகும். ஏப்பத்துக்கு அது உதவாது. ஏப்பம் வயித்துல இருந்து வருது, பல்லு வெளக்கி ஒண்ணும் ஆகாது. நாலஞ்சு மணி நேரம் பொறுத்துக்க வேண்டியதுதான்.

#12 சிறுவாணித்_தண்ணி (கோவை)

அறைக்குக் கொண்டுபோவது: வேண்டாம். பெரும்பாலான ஹோட்டல்களில் வாசலிலேயே டுரியான் படத்தில் குறுக்குக்கோடு போட்டிருக்கும். ஏசி வாடையை அறை முழுக்கச் சுற்றவிட்டு, திரையிலும் மெத்தையிலும் ஏற்றிவிடும். சுத்தம் செய்கிற செலவை உங்கள் பில்லில் சேர்ப்பார்கள். சிங்கப்பூரில் ரயிலிலும் பஸ்ஸிலும் எடுத்துப்போகக் கூடாது, டாக்ஸிக்காரர்களும் ஏற்ற மறுக்கலாம். கடையில் போட்டிருக்கும் மேசையிலேயே தின்று முடித்து எழுந்திருப்பதுதான் முறை. சிங்கப்பூரில் கேலாங் பக்கம், அல்ஜூனிட் ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். லிட்டில் இந்தியாவில் தங்கினால் தேக்கா சந்தையிலும் பழக்கடைகளைப் பாருங்கள். கோலாலம்பூரில் ஜாலான் அலோரில் கிடைக்கும், சுற்றுலாப் பயணிகள் விலைக்கு. பெட்டாலிங் ஜெயாவின் எஸ்எஸ்2 கடைகள் உள்ளூர்க்காரர்கள் போகிற இடம். நேரம் இருந்தால் பகாங் மாநிலத்தில் பெந்தோங், ராவுப் பக்கம் தோட்டங்களுக்கே போகலாம்.

வாடை மூடினாலும் அடங்காது என்பதற்கு: 2018 ஏப்ரலில் மெல்போர்னில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் கேஸ் கசிவு என்று நினைத்து நூற்றுக்கணக்கானவர்களை வெளியேற்றினார்கள். தேடிப் பார்த்தால் அலமாரிக்குள் அழுகிய டுரியான். மெர்காப்டன் கதை மேலே சொன்னதுதான், பாவம், அவர்கள் மூக்கின் மேல் தப்பில்லை. அதே ஆண்டு நவம்பரில் இந்தோனேசியாவின் பெங்குலுவில், சரக்குப் பகுதியில் ஏற்றிய சுமார் 2 டன் டுரியானை இறக்கினால்தான் பறப்போம் என்று விமானப் பயணிகள் மறுத்தார்கள். இறக்கிய பிறகே விமானம் கிளம்பியது.

ஊருக்குக் கொண்டுவருவது: முழுப்பழமோ, வெட்டிய பழமோ, கொட்டையோ வேண்டாம். விமான நிறுவனத்தின் தடை ஒரு பக்கம். இந்தியாவில் 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணை இன்னொரு பக்கம்: சான்றிதழும் அனுமதியும் இல்லாத பச்சைப் பழம், விதை எதையும் சுங்கத்தில் பிடுங்கிவிடலாம். அதற்குப் பதிலாக, உறையவைத்து உலர்த்திய டுரியான் சில்லு, கடையில் சீல் செய்த பொட்டலமாகக் கிடைக்கும். காற்றில் நமுத்துப்போகும், உடைத்தால் அன்றே முடித்துவிடுங்கள்.

#13 காங்கயம்_காளை

அப்ப இங்கயே கெடைக்காதுங்களா? கல்லாத்துல டுரியான் இருக்குதுன்னு சொல்றாங்களே. ஒரு கொட்டை கொண்டாந்து தோட்டத்துல ஊனினா?

#14 கல்லாத்துக்காரன் (மேட்டுப்பாளையம்)

இருக்குங்க. குன்னூர் மலையடிவாரத்துக் கல்லாறு அரசு பழப்பண்ணை, அதுக்கு மேல பர்லியாறு. ரெண்டுலயும் பழைய டுரியான் மரங்க உண்டு, மங்குஸ்தானும் உண்டு. நம்மூர்ப் பேச்சுல டுரியான் கொழந்தை வரம் தர்ற பழம், புள்ளை இல்லாதவங்க தேடி வந்து அடிச்சுப் புடிச்சு வாங்குவாங்க. அதுக்கு மருத்துவ ஆதாரம் ஒண்ணும் கெடையாது. ஆசைக்கு ஒரு சொளை தின்னுங்க, வைத்தியத்துக்கு ஆசுபத்திரிக்குப் போங்க. பழம் வர்றது ஜூன் – ஆகஸ்டுல, கொஞ்சமாத்தான் வரும். ருசி மூசாங் கிங் மாதிரி இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. கல்லாறு யானை வழித்தடம், உள்ள உடறாங்களான்னு விசாரிச்சுட்டுக் கெளம்புங்க.

காங்கயத்துல ஊனறது ஆவாதுங்க. வருசம் பூரா ஈரக்காத்தும் 1500 மில்லிமீட்டருக்கு மேல பரவலான மழையும் கேக்கற மரம் அது. நம்ம சமவெளில அதுல பாதிகூடப் பேயறதில்ல, ஆடிக்காத்து வேற எலையைச் சுருட்டிப்போடும். சொட்டுநீர் போட்டுக் காப்பாத்தலாம்னு எச்சாத் தண்ணி கட்டுனா வேர் அழுகல் நோய் புடிக்கலாம். கொட்டை காஞ்சா சில நாள்லயே மொளைப்புத் திறன் போயிரும். மொளைச்சாலும் காய்க்க ஏழெட்டு வருசத்துக்கு மேல, ஒட்டுக்கன்னுன்னா நாலஞ்சு. பல ரகம் தன் மகரந்தத்துல காய் புடிக்காது, ரெண்டு ரகமா வெக்கோணும். பூ சாயங்காலம் விரியும், மகரந்தம் கொண்டுபோறது பழந்தின்னி வௌவால். தென்னைக்கு நடுவுல ஊடுபயிரா ஆனைமலையோரம் வேணும்னா ஒட்டுக்கன்னு வெச்சுப் பாக்கலாம்.

#15 ஊத்துக்குளி_வெண்ணெய்

சைவக்காரர்களுக்கு: பழத்தில் சிக்கல் இல்லை, பலகாரத்தில்தான். டுரியான் பேன்கேக், கேக், பஃப் இதிலெல்லாம் முட்டை இருக்கும், சில புட்டிங் வகையில் ஜெலட்டினும் இருக்கலாம். தெம்போயாக் என்று டுரியானை உப்புப் போட்டுப் புளிக்கவைத்திருப்பார்கள், அதைப் பெரும்பாலும் மீன் குழம்பில்தான் போடுவார்கள். டுரியான் செண்டோல் என்றால் தேங்காய்ப்பால், பனைவெல்லம், பச்சை நூடுல்ஸ் மாதிரி மாவு, ஐஸ். அது பெரும்பாலும் சரி. டோடோல் நம்ம கோதுமை அல்வாவுக்குத் தம்பி: தேங்காய்ப்பால், அரிசிமாவு, வெல்லம். ஊருக்குக் கொண்டுவரவும் அதுதான் லாயக்கு.

#16 பனியன்_ஊர் (திருப்பூர்)

எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டோமுங்க. இப்படிப் போட்டிருக்கோம்: கோலாலம்பூர்ல சுத்திப் பாக்கறது மட்டும். கடேசி நாள் சாயங்காலம் 7 மணிக்கு கேலாங், மொத ஒரு டப்பா ஃப்ரீசர் சதை, அப்பறம் ரெட் ப்ரான், அப்பறம் மூசாங் கிங். ராத்திரியே விமானம். சரிதானுங்களா?

#17 பொள்ளாச்சி_எளநி

வரிசை சரி, நாள் தப்பு. 7 மணிக்குத் தின்னுபோட்டு ராத்திரி விமானத்துல அடச்சு உக்காந்து நாலு மணி நேரம் ஏப்பம் உட்டா பக்கத்து சீட்டுக்காரர் என்னங்க பாவம் பண்ணாரு? கோலாலம்பூர் மொத நாள் சாயங்காலத்துக்கு மாத்துங்க. புடிச்சுப்போச்சுன்னா இன்னும் ரெண்டு சாயங்காலம் கையில இருக்கும், வேற ரகம் பாக்கலாம். வெலையும் பழம் வெளையற ஊர்ல கொஞ்சம் கம்மி.

#18 பனியன்_ஊர் (திருப்பூர்)

மாத்தியாச்சுங்க. கடைல கையுறை தருவாங்களா, இல்ல பனியன் வேஸ்ட்டோடவே போகோணுமா?

#19 கல்லாத்துக்காரன் (மேட்டுப்பாளையம்)

தருவாங்க, மெல்லிசு பிளாஸ்டிக். அது சொளை எடுக்கறதுக்கு, முள்ளுக்கு இல்ல. தோலைப் புடிக்கறதுக்குத் துணிதான்.